பின்சீட்டுப் பள்ளம்

கட்டின பெண்டாட்டியிடம் ஒரு மனிதன் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம். சீட் கவர் தைக்கிற பெண்டாட்டியிடம் மட்டும் எங்கே உட்கார்ந்தான் என்பதை மறைக்க முடியாது. கிரேன்காரருக்கு இது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தையல் மெஷின் சத்தத்துக்குள்தானே குடித்தனம் நடத்துகிறார்.

வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. தடித்த ஊசி போட்ட பெரிய மெஷின், சுவரோரம் சாய்த்து வைத்த ரெக்ஸின் சுருள்கள், மூலையில் ஃபோம் பலகைகள், மூக்கைப் பிடிக்கிற பசை வாடை. கார் சீட், வேன் சீட், சலூன் நாற்காலி என்று எது வந்தாலும் முதலில் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்துவாள். பின்பாக்கெட்டில் பர்ஸோடு ஓட்டுகிறவர், பிரேக்கைக் கண்டபடி மிதிக்கிறவர், மூலத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர், எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். மூலக்காரரிடம் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். நடுவில் கொஞ்சம் இளக்கமாக வைத்துத் தைத்துக் கொடுப்பாள். அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போவார்.

அவள் புருஷன் சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். ஒரு மழைக்காலத்தில் அவர் தூக்கின குழாய்க்கட்டு, பாதி உயரத்தில் வடம் அறுந்து கீழே வந்தது. கீழே நின்று கைகாட்டிக்கொண்டிருந்தவர் அப்புறம் எழுந்திருக்கவில்லை. விசாரித்தார்கள். வடம் பழசு, ஓட்டினவர் மேல் தப்பில்லை என்று முடித்தார்கள். ஊரே ஒத்துக்கொண்டது, அவருடைய வலது கை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. லீவர் அந்தக் கையில்தான் இருந்தது. அன்றோடு போன தூக்கம் திரும்பவே இல்லை. மாத்திரை, தைலம், தலையணை மாற்றம் என்று அவளும் பார்க்காத வைத்தியம் இல்லை. படுத்தால் கை தானாக மூடிக்கொள்ளும், எதையோ பிடித்திருக்கிற மாதிரி. அவள் விரல் விரலாகப் பிரித்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும்.

தூங்காத கண்ணோடு கேபினில் ஏறுகிற மனிதர் ஒருநாள் இரும்புத் தகட்டை ஒரு ஆளின் தோளை உரசுகிற மாதிரி இறக்கிவிட்டார். இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா என்று மேஸ்திரி ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். வேலை போனால் போகட்டும், தைத்துக் காப்பாற்ற அவளுக்குத் தெம்பு உண்டு. இன்னொரு ஆள் செத்தால் இவரும் மிஞ்சமாட்டார். அவளுக்கு இருந்த பயம் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் வண்டி வந்தது. சாதாரண வண்டியா அது? தேசம் சுற்றுகிறவர்கள் ஓட்டுகிற பெரிய மோட்டார் சைக்கிள். முன்னால் கண்ணாடித் தடுப்பு, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, எருமைக் கடா மாதிரி உடம்பு. ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தவர், ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். அவள் ஆடித் தீர்த்துவிட்டாள். யானையை வாங்கிக் கட்டினால் போதுமா, தீனி யார் போடுவது, இதை நிறுத்த இடம் எங்கே, என் முதுகெலும்பு இருக்கிற இருப்புக்கு இதில் ஏறுவேன் என்று கனவு காணாதீங்க என்றெல்லாம் பேசினாள். ரெக்ஸின் சுருள்களை ஒதுக்கி அவரே இடம் பண்ணி, நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

பேசினாளே தவிர, அந்த வண்டியைக் கவனிக்கும்போதுதான் அவர் கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்பதை அவளும் பார்த்தாள். யார்டிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷுமாக உட்கார்ந்து செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பார். டயரில் காற்றுப் பார்ப்பார். ஆயில் மாற்றுகிற அன்று பழைய ஆயிலை விரலில் தொட்டு வெளிச்சத்தில் காட்டி, கெட்டுப்போகலை பாரு என்பார். எனக்கு எதுக்கு அது, தலைக்கா தேய்க்கப் போறேன் என்பாள் அவள்.

சீட்டை அவள்தான் சரிபண்ணினாள். பின்சீட்டு ஃபோமை எலி கடித்திருந்தது, அதை எறிந்துவிட்டுப் புதுசு வெட்டி வைத்தாள். முன்சீட்டு ஃபோம் பழசுதான், ஆனால் அப்படி ஒரு சரக்கு இப்போது எங்கே கிடைக்கிறது? ஒருவர் உட்கார்ந்த ஃபோமின் மேல் இன்னொருவருக்குப் புது உறை போடக்கூடாது என்று அவள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எச்சில் தட்டில் சோறு போட்ட மாதிரி என்பார்கள். வெளி ஆளுக்கு அவள் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. நம் வீட்டு வேலைதானே என்று பழைய ஃபோமை அழுத்திக்கூடப் பார்க்காமல் அதன் மேலேயே உறையை இழுத்து அடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். முதல் வாரம் வந்தவர் முகத்தை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கண்ணடியில் இருந்த கறுப்பு வெளுத்திருந்தது. இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கு என்றார். திங்கள், செவ்வாய் வரைக்கும் அந்தத் தெளிவு நின்றது, அப்புறம் வடிந்துபோனது. அடுத்த ஞாயிறு மறுபடி நிரம்பியது. கெட்டதிலும் ஒரு நல்லது என்று அவள் வண்டியைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒருநாள் உறையில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கப்போய், பழக்கத்தில் பின்சீட்டில் கை வைத்து அழுத்தினாள். கை உள்ளே போனது. யாரும் உட்காராத புது ஃபோம் அப்படிப் போகாது. வருஷக்கணக்கில் வைத்தாலும் ரொட்டி மாதிரி உப்பித்தான் நிற்கும். இதில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அதுவும் மணிக்கணக்காக. அவள் அந்த வண்டியில் ஒரு தரம்கூட ஏறியதில்லை.

சந்தேகம் வந்துவிட்டால் கண்ணில் படுவதெல்லாம் சாட்சிதானே. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். இடுப்பைச் சுற்றி வளையமாகக் கசங்கியிருந்தது, யாரோ கட்டிப் பிடித்திருந்த மாதிரி. கேட்டாள். தனியாத்தாம்மா போறேன் என்றார். பொய் சொன்னால் அவர் காது மடல் சிவக்கும், அன்றைக்குச் சிவக்கவில்லை. ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசவும் இல்லை.

அவளா விடுவாள்? துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை நுணுக்கி, சனிக்கிழமை பின்சீட்டில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பூசி வைத்தாள். அவள் தொழிலில் அது ஒரு பழைய வித்தை, ஆள் எங்கே அழுந்த உட்காருகிறான் என்று பார்க்கச் செய்வது. எவள் ஏறினாலும் இடம் கலைந்திருக்கும், எத்தனை அகலம் என்றும் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

ஞாயிறு சாயங்காலம் அவர் இறங்கி உள்ளே போனபோது, வெள்ளையாக இருந்தது அவருடைய பேன்ட்டின் பின்பக்கம்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் உட்கார்ந்து போவது இவர்தான் என்றால், முன்னால் உட்கார்ந்து ஓட்டுவது யார்?

மறுநாள் செயின் ஸ்ப்ரே வாங்குகிற சாக்கில் மெக்கானிக்கிடம் போனாள். அவருக்குப் பட்டப்பெயர் சைலன்சர். வாய் ஓயாது பேசுகிற மனிதருக்கு யாரோ புண்ணியவான் வைத்த பெயர். அவரை விசாரிக்கவே தேவையில்லை, நின்றால் போதும். டயர் விலையில் ஆரம்பித்துத் தன் மச்சானின் வயிற்றுக் கோளாறு வரைக்கும் போய்விட்டு, வண்டிக்கு வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் தங்கச்சி. இந்த வண்டியை ரெண்டு பேரு ஓட்டறீங்களா?"

"ஏன்ணே அப்படிக் கேக்கறீங்க?"

"உங்க வீட்டுக்காரரு ஓட்டறதை நான் பாத்திருக்கேன். கிளட்சைப் பிடிச்சுக்கிட்டே போவாரு, பிரேக்கு மேல விரலை வெச்சுக்கிட்டே போவாரு. பயந்த கை. அந்தக் கைக்கு பிரேக் கட்டை இந்நேரம் தேஞ்சிருக்கணும். கழட்டிப் பாத்தா போட்டது போட்ட மாதிரி இருக்கு. இது வேற கை. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கற கை."

பொம்பளைக் கையா என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சைலன்சர் முதல் தரமாகக் கொஞ்சம் பேசாமல் இருந்தார். கையில என்ன ஆம்பளை பொம்பளை, நல்ல கை அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு ஸ்பானரைத் தேட ஆரம்பித்தார்.

அந்த வாரம் அவளுக்கும் தூக்கம் போயிற்று. தன் புருஷனைக் குழந்தை மாதிரிப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள். கட்டிப் பிடித்துக்கொண்டு போனால்கூடப் பொறுத்திருப்பாள் போலிருக்கிறது. இத்தனை நாள் விரல் விரலாகப் பிரித்தும் அவளால் வாங்கித் தர முடியாத தூக்கத்தை எவளோ ஒருத்தி ரோட்டில் வைத்துத் தருகிறாளே, அதுதான் எரிச்சல். அவள் யார் என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி தொழில்தான். முன்சீட்டில் புது ஃபோம் வைத்துவிட்டால், ஓட்டுகிறவளின் அச்சு அப்படியே விழுந்துவிடும். அப்புறம் அந்தப் பெண் ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இவள் கண்டுபிடித்துவிடுவாள்.

சனிக்கிழமை அவர் யார்டில் இருந்தபோது முன்சீட்டு உறையைப் பிரித்துப் பழைய ஃபோமை எடுத்தாள். புதுசை வெட்டிப் பொருத்தி, அதே ஓட்டையில் அதே ஆணியை அடித்து, சந்தேகம் வராத மாதிரி முடித்தாள். ஞாயிறு காலையில் அவர் கிளம்பினார். இரண்டு வாய் ரொட்டியைப் பிட்டுப் போட்டுக்கொண்டது, பாதி டீ, அவ்வளவுதான். தெருமுனை வரைக்கும் அவர்தான் முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் போனார், பிரேக்கில் விரலை வைத்தபடி. வானம் வெளுத்துப்போய் காற்றில்லாமல் கிடந்தது. ஒரு இலை அசையவில்லை.

பழைய ஃபோமை மூலையில் போடப் போனவள் பழக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. அந்த வண்டியை விற்ற ஸ்டுடியோக்காரரை அவள் பார்த்திருக்கிறாள். கதவளவு அகலமான ஆள். இந்தப் பள்ளம் அவருடையது இல்லை. ஒட்டி, சின்னதாக, நிமிர்ந்து உட்கார்ந்து, வருஷக்கணக்காக ஓட்டின ஒரு பெண்ணுடையது.

ஓகோ, கதை அப்படியா என்று நினைத்தாள். வண்டியை வாங்கப் போன இடத்திலேயே வண்டிக்காரியையும் இவர் பிடித்துக்கொண்டார். ஃபோமை ஒரு துணிப்பையில் திணித்து, திருடின கையோடு திருடனைப் பிடித்த மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஸ்டுடியோ பூட்டியிருந்தது. மாடிதான் வீடு. கதவைத் திறந்தவரிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உங்க வீட்டம்மாவைக் கூப்பிடுங்க. நான் கொஞ்சம் பேசணும்."

அவர் அவளையும் பையையும் பார்த்தார். உள்ளே வந்து உட்காருங்க என்றார். உட்காரவில்லை, நின்றபடியே சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்கப் படங்கள். மலைப்பாதை, பாலம், உப்பளம், மழையில் நனைந்த தார்ச்சாலை. எல்லாப் படத்திலும் முன்னால் ஒரே முதுகு. ஹெல்மெட்டும், நிமிர்ந்த தோளும், தோளுக்கு மேலே தெரிகிற சாலையும். அத்தனையும் பின்சீட்டிலிருந்து எடுத்தவை.

"அவதாங்க ஓட்டுவா. எனக்கு ஓட்டவே வராது. நான் பின்னால உக்காந்து படம் எடுப்பேன், இல்லைன்னா தூங்கிடுவேன். விழுந்துடக் கூடாதுன்னு ஒரு துணிப்பட்டையால என் இடுப்பைத் தன் இடுப்போட சேத்துக் கட்டிக்குவா. அதுமாதிரித் தூக்கம் நான் மெத்தையில தூங்கினதில்லை."

"இப்ப எங்கே அவங்க?"

"போன வருஷம் காய்ச்சல்னு படுத்தா. எந்திரிக்கலை. அப்புறம்தான் வண்டியை வித்தேன்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். சட்டையில் இருந்த வளையம், தேயாத பிரேக், வாராவாரம் வெளுத்த கண்ணடி, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பயப்படக்கூட நேரமில்லை. அடுத்த நினைப்பு வந்துவிட்டது. அவள் புருஷன் இந்நேரம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்திருப்பார். கையை விட்டிருப்பார். கண்ணை மூடியிருப்பார். ஓட்டுகிறவளை அவள் நேற்று ஆணியைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். அவள் உட்காருகிற ஃபோம் இதோ மடியில் இருக்கிறது.

புருஷனுக்கு ஃபோன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது.

நடந்ததை எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஸ்டுடியோக்காரர் சிரிக்கவில்லை, பைத்தியமா என்று பார்க்கவும் இல்லை. பையிலிருந்து ஃபோமை எடுத்து ஒரு தரம் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஊருக்குள்ள அவ பட்டையைக் கட்ட மாட்டா, நாலு பேரு பாப்பாங்கன்னு கூச்சப்படுவா. ஊர் எல்லையில லாரி எடை மேடை இருக்கு பாருங்க, அங்கே நிறுத்தித்தான் கட்டுவா. அங்கே போய்ப் பாருங்க."

நீங்களும் வாங்க என்று கெஞ்சினாள். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"நான் வரலைம்மா. வண்டியை வித்துட்டேன்னு கோவமா இருப்பா."

ஆட்டோ எடை மேடையை நெருங்குகிற வரைக்கும் ரோட்டோரப் பள்ளம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மேடைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. அந்தப் பக்கம் வெட்டவெளி, நேராகப் போகிற நெடுஞ்சாலை, வெள்ளை வெயில். மேடையின் நிழலில் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டு காலி. பின்சீட்டில் அவர், இரண்டு கையும் தொடைமேல் வைத்து, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். உயிரோடு பார்த்த சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது, கூடவே நாலு அறை வைக்கலாம் போலவும் வந்தது.

அவளைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை.

"இன்னிக்கு வரலை" என்றார்.

அப்புறம் சொன்னார், அடங்கின குரலில், யாருடைய கதையையோ சொல்கிற மாதிரி. முதல் தரம் இந்த நிழலில்தான் நிறுத்தினாராம். கண் அசந்துவிட்டதாம். முழித்துப் பார்த்தால் பின்சீட்டில் இருக்கிறார், வண்டி போய்க்கொண்டிருக்கிறது, இடுப்பில் இறுக்கமாக ஏதோ கட்டியிருக்கிறது, முன்னால் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை. பயந்திருக்கணும், ஆனா பயமா இல்லைம்மா என்றார்.

"என் கையில ஒண்ணுமே இல்லை. நான் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. வேற யாரோ பிடிச்சிருக்காங்க. அதை நினைச்சதும் தூங்கிட்டேன்."

சொல்லும்போதே வலது கை மூடிக்கொண்டது. அவள் பிரிக்கப் போனாள், வரவில்லை, அத்தனை இறுக்கம். வெறித்த கண்ணில் நரம்பு சிவந்து கிடந்தது. வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். வீட்டுக்குப் போனால்? இன்றைக்குத் தூக்கம் இல்லை. நாளைக்கு விடிந்தால் யார்டு, கேபின், லீவர், கீழே யார் வீட்டுப் பிள்ளையோ நின்று கைகாட்டும். அவள் தன் புருஷனைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டு ஒரு சாவுக்கு அனுப்பலாம்.

பொறாமை அப்படியே இருந்தது, ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. இருந்தாலும் பையைத் திறந்தாள்.

பழைய ஃபோமை எடுத்து முன்சீட்டின் மேல் வைத்தாள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று தடவிப் பார்த்துத் திருப்பி வைத்தாள். உறை இல்லாமல், ஆணி இல்லாமல், தன் துப்பட்டாவைச் சீட்டுக்கு அடியில் விட்டு இழுத்து, தைக்கிறவளின் முடிச்சாக இரண்டு போட்டாள். ஆட்டோக்காரர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கமாக இல்லை.

ஒன்றும் ஆகவில்லை. எஞ்சின் ஓடியது. தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

அப்புறம் ஃபோம் இறங்கியது. படபடவென்று இல்லை, பழக்கப்பட்டவர்கள் பழக்கப்பட்ட இடத்தில் உட்காருகிற மாதிரி, முதலில் வலது பக்கம், அப்புறம் முழுசாக. துப்பட்டாவின் முடிச்சு இறுகி ஒரு சின்னச் சத்தம் போட்டது. அவர் சட்டை இடுப்பைச் சுற்றி மெல்லக் கசங்கியது. அவருடைய தலை முன்னால் சாய்ந்து, எதன் மேலோ தங்கி நின்றது. மூடியிருந்த கை தொடைமேல் விரிந்தது, ஒவ்வொரு விரலாக.

அவள் ஒரு எட்டு பின்னால் வந்தாள். ஓடிவிடத்தான் கால் சொன்னது. ஆனால் சொல்லாமல் அனுப்ப மனசு வரவில்லை. முன்சீட்டுக்கு மேலே, ஒரு முகம் இருந்தால் எங்கே இருக்குமோ அந்த உயரத்தைப் பார்த்துப் பேசினாள்.

"அக்கா, காலையில அவர் சரியா சாப்பிடலை. வழியில எங்கயாவது நிறுத்துங்க. இருட்டறதுக்குள்ள வீட்ல கொண்டாந்து விட்டுடுங்க. எனக்கு அவரு ஒருத்தர்தான்."